ஊர்ப்பெயரும் அறமும்: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துச் செய்திகள்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

விழுப்புரமும் திண்டிவனமும் இவ்வவையில் அமர்ந்திருக்கும் பலருக்கும் அன்றாட ஊர்கள். பிள்ளைகளின் படிப்பும், அலுவலகமும், வங்கியும், மருத்துவமனையும் இங்கேதான் இருக்கின்றன. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் விழுப்புரம் நகரில் 96,000க்கு மேற்பட்டோரும், திண்டிவனத்தில் ஏறத்தாழ 73,000 பேரும் வாழ்ந்தனர். அதன்பின் நகரின் ஓரத்து வயல்கள் மனைப்பிரிவுகளாயின. புறவழிச்சாலைகளின் இருமருங்கிலும் புதுத்தெருக்கள் எழுந்தன. ஆயினும், "உங்கள் ஊரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று வெளியூர் விருந்தினர் கேட்டால், "ஜங்ஷன் இருக்கிறது, செஞ்சிக்குப் போகலாம், பாண்டிச்சேரிக்குப் போகலாம்" என்பதே பெரும்பாலோர் தரும் விடையாக இருக்கிறது. வழியில் உள்ள ஊர்கள் என்ற எண்ணமே அவ்விடையில் தெரிகிறது. அவ்வெண்ணம் எவ்வளவு பிழையானது என்பதைச் சில செய்திகளால் காட்டுவதே இவ்வுரையின் நோக்கம். ஊர்ப்பெயர்கள் எவ்வாறு மறைகின்றன, எவ்வாறு நிலைக்கின்றன என்னும் ஒரே நூலில் இச்செய்திகள் யாவும் கோக்கப்பட்டுள்ளன.

விழுப்புரத்தின் பெயர்கள்

முதலில் விழுப்புரத்தைக் காண்போர் அதனைப் புகைவண்டியால் வளர்ந்த நகரம் என்றே அறிவர். அது பெரிதும் உண்மையே. 1879ஆம் ஆண்டு விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அன்று புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. ஆகவே விழுப்புரத்தில் வண்டி ஏறியவர் ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதியிலிருந்து பிரெஞ்சுக்காரர் ஆட்சிப் பகுதியில் சென்று இறங்கினார். இன்று சென்னை, புதுச்சேரி, கடலூர் வழியாக மயிலாடுதுறை, விருத்தாசலம் வழியாகத் திருச்சி, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி என ஐந்து திசைகளுக்கு அங்கிருந்து பாதைகள் பிரிகின்றன.

மாவட்டத்தின் பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. 1993ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் பழைய தென்னார்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது, புதிய மாவட்டத்திற்கு இடப்பட்ட பெயர் 'விழுப்புரம் இராமசாமி படையாட்சியார் மாவட்டம்' என்பதாகும். 1997இல் மாவட்டங்களின் பெயர்களிலிருந்து தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டபோது, விழுப்புரம் என்னும் ஊர்ப்பெயர் மட்டும் எஞ்சியது. 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தது. முப்பது ஆண்டுகளுக்குள் ஒரே நிலப்பரப்பு இத்தனை பெயர்களைக் கண்டுவிட்டது.

நடிகர் திலகம் சிவாஜி கணேசன் 1928ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் விழுப்புரத்தில் பிறந்தவர். வி. சி. கணேசன் என்று அவர் பெயர் எழுதப்பட்டபோது, முதலில் நின்ற எழுத்து விழுப்புரத்தைக் குறித்தது. அறிஞர் அண்ணா எழுதிய நாடகத்தில் சத்திரபதி சிவாஜியாக நடித்தமையால் பெரியாரால் அவருக்குச் 'சிவாஜி' என்னும் பெயர் வாய்த்ததைப் பலரும் அறிவர். ஆனால் அந்த மராத்திய மன்னர் 1677ஆம் ஆண்டில் கைப்பற்றிய செஞ்சிக் கோட்டை, கணேசன் பிறந்த ஊருக்கு அண்மையிலேயே இருக்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

ஊரின் பெயரைத் தம் பெயராகவே கொண்ட மற்றொரு பெரியவரும் இவ்வட்டாரத்தவரே. நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் சென்னை மாகாணத்தின் தலைமையமைச்சராக இருந்தவர், திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த இராமசாமி ரெட்டியார். அவர் ஆட்சியில் கோயில் நுழைவுச் சட்டமும் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டமும் 1947இல் நிறைவேறின. மக்கள் அவரை 'ஓமந்தூரார்' என்றே அழைத்தனர். சென்னை அண்ணா சாலையில் ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தைக் கடந்து செல்வோர், தாம் ஒரு திண்டிவனத்துச் சிற்றூரின் பெயரைச் சொல்லிக்கொண்டு செல்கிறோம் என்பதை அறியமாட்டார்.

புளியங்காடும் கிடங்கிலும்

திண்டிவனத்தின் பெயர் 'திந்திரிணி வனம்' என்பதன் மரூஉ. 'திந்திரிணி' என்பது புளியமரத்தைக் குறிக்கும் வடசொல். ஊரிலுள்ள சிவன்கோயில் இறைவனுக்குத் திந்திரிணீசுவரர் என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது. இதில் ஒரு வியப்பு உண்டு. புளியமரத்தின் தாவரவியற் பெயரில் 'இண்டிகா' என்னும் சொல் இருக்கிறது. அராபியர் புளியை 'இந்தியப் பேரீச்சை' எனப் பொருள்படும் சொல்லால் குறித்தனர். ஆயினும் அம்மரத்தின் தொல்தாயகம் வெப்பமண்டல ஆப்பிரிக்கா என்பதே தாவரவியலார் கருத்து. எங்கிருந்தோ வந்து வேரூன்றிய மரம் இந்த மண்ணுக்கே உரியதாகி, ஓர் ஊருக்குப் பெயரையும் தந்துவிட்டது.

திண்டிவனத்தின் பெயர் இந்தியாவின் பல மாநிலத்து வயல்களுக்குச் சென்றதும் உண்டு. இவ்வட்டாரத்தார் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலையில் டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்னும் இரகங்களை உழவர் யாவரும் அறிவர். திண்டிவனத்தில் உள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட இரகங்கள் அவை, 'டி.எம்.வி.' என்னும் எழுத்துகள் திண்டிவனத்தைக் குறிக்கின்றன. திண்டிவனம் புகைவண்டி நிலையத்தின் குறியீடும் அதே மூன்று எழுத்துகளே. உழவையே தொழிலாகக் கொண்டு வாழ்ந்த தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பலவற்றின் நிலத்தில் இவ்விதைகள் விளைந்திருக்கின்றன.

ஆனால் திண்டிவனம் என்னும் பெயருக்கு முன்பே அங்கு ஓர் ஊர் இருந்தது. அதன் பெயர் கிடங்கில். சங்க இலக்கியமான சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடன், ஓய்மாநாட்டை ஆண்டவன். அவனுடைய ஊர்களாகக் கூறப்படுபவை எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில் என்பன. எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணத்தோடு ஆய்வாளர் இணைத்துக் காண்பர். கிடங்கில் திண்டிவனத்தின் ஒரு பகுதியாக இன்றும் இருக்கிறது. கிடங்கில் காவிதிக் கீரங்கண்ணனார், கிடங்கில் காவிதிப் பெருங்கொற்றனார், கிடங்கில் குலபதி நக்கண்ணனார் என்று இவ்வூர்ப் பெயரைத் தாங்கிய சங்கப் புலவர் மூவர் உளர். முன்னிருவர் பாடல்கள் நற்றிணையிலும், நக்கண்ணனார் பாடல் குறுந்தொகையிலும் இடம்பெற்றுள்ளன.

மூன்று புலவரைத் தந்த ஊர், சோழர் காலக் கல்வெட்டுகளிலும் பெயர் பெற்றிருந்த ஊர், இன்று நகராட்சியின் ஒரு பகுதிக்குப் பெயராக மட்டும் நிற்கிறது. பேருந்தின் பெயர்ப்பலகையில் அதற்கு இடமில்லை. ஊர் அழியவில்லை, பெயர்தான் பெரிய பெயரொன்றுக்குள் ஒடுங்கிவிட்டது. கிடங்கிற்கு நேர்ந்தது வேறு எவ்வூருக்கும் நேரக்கூடும். இதனை மனத்தில் கொண்டு மேற்கே செல்லும் சாலையில் செல்ல வேண்டும்.

அகழூர் அறம்

திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் வழியிலும், செஞ்சியைச் சுற்றியும் குன்றுகள் கூட்டங்கூட்டமாக நிற்கின்றன. அவற்றின் இயற்கைக் குகைத்தளங்களில் வழவழப்பாகச் செதுக்கப்பட்ட கற்படுக்கைகள் பல இடங்களில் உள்ளன. ஊரார் அவற்றைப் 'பஞ்சபாண்டவர் படுக்கை' என்பர். அங்கே பாண்டவர் படுத்ததில்லை. படுத்தவர் சமண முனிவர். மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்கி நோன்பு நோற்ற துறவியர்க்காக இல்லறத்தார் செய்து கொடுத்த இருக்கைகள் அவை. அருகில் வாழ்ந்த சமணர் அகன்ற இடங்களில் உண்மைப் பெயர் மறைந்தது. பாரதக் கதையிலிருந்து ஒரு பெயர் வந்து அமர்ந்தது.

செஞ்சி வட்டத்துத் தொண்டூரில் அத்தகைய படுக்கைகளோடு தமிழி எழுத்தில் அமைந்த ஒரு கல்வெட்டு உண்டு. அதன் காலம் கி.பி. 3ஆம் நூற்றாண்டு என்பர். இளங்காயிபன் ஏவ, அகழூரின் அறமாக, மோசி என்பவர் இந்த அதிட்டானத்தைச் செய்தார் என்பது அதன் செய்தி. அதிட்டானம் என்பது துறவியர் இருக்கையைக் குறிக்கும். மோசி என்னும் பெயர் சங்கப் புலவர் பெயர்களிலும் காணப்படுவது.

இக்கல்வெட்டில் உள்ள 'அகழூர்' எது? தொண்டூருக்கு அண்மையில் இருக்கும் அகலூரே அது என்று அறிஞர் கொள்வர். அகலூர் எத்தகைய ஊர் என்பதை இவ்வவையில் விளக்க வேண்டியதில்லை. அவ்வூரில் பிறந்தவரும், அவ்வூரில் பெண் எடுத்தவரும், கொடுத்தவரும் இங்கேயே இருக்கக்கூடும். அருகன் கோயிலும் சமணக் குடும்பங்களும் இன்றும் உள்ள ஊர் அது. கி.பி. 3ஆம் நூற்றாண்டில் முனிவர்க்கு இருக்கை அமைத்துக் கொடுத்த ஊரின் பெயர், ஏறத்தாழ 1,700 ஆண்டுகள் கடந்தும், ஓரெழுத்து மட்டுமே மாறி, அதே சமயத்தாரின் வாயில் வழங்குகிறது.

கிடங்கு, அகழ் என்னும் இரண்டு சொற்களுக்கும் பொருள் ஒன்றே. கோட்டையைச் சூழ்ந்த நீரகழியை அவை குறிக்கும். கிடங்கில் நகரத்துள் ஒடுங்கியது. அகழூர் தன் பெயரோடு நிற்கிறது. ஓர் ஊரின் பெயரை வேறொரு பெரிய ஊர் விழுங்காதிருக்க வேண்டுமானால், அவ்வூரைத் தம் ஊர் என்று சொல்லும் மக்கள் தலைமுறை தோறும் இருக்க வேண்டும் என்பதற்கு அகலூரைவிட நல்ல சான்று இல்லை.

செய்தவர் யார்?

இவ்வட்டாரத்துப் பழைய அறங்களைச் செய்தவருள் மன்னர் உண்டு. திருக்கோவலூருக்கு அருகிலுள்ள ஜம்பை, 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. அங்கு 1981இல் கண்டறியப்பட்ட தமிழிக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த பள்ளியைக் குறிப்பிடுகிறது. அதில் அவனுக்குச் 'சதியபுதோ' என்னும் அடைமொழி உள்ளது. அசோகரின் கல்லாணைகளில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் கூறப்படும் சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர் நெடுங்காலம் வாதிட்டனர். சமணப் பள்ளியொன்றின் கொடையைக் கூறும் ஒற்றை வரி அவ்வாதத்திற்கு விடை தந்தது.

ஆனால் மன்னர் அல்லாதோர் செய்த அறங்களே எண்ணிக்கையில் மிகுதி. செஞ்சிக்கு அருகிலுள்ள நேகனூர்ப்பட்டிக் குன்றில் கி.பி. 4ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் கல்வெட்டு ஒன்று உண்டு. சேக்கந்தியின் தாயாராகிய சேக்கந்தண்ணி அப்பள்ளியைச் செய்வித்தார் என்று அது கூறுகிறது. 'கந்தி' என்னும் சொல் சமணப் பெண் துறவியைக் குறிப்பது. செய்வித்தவரின் தந்தை பெயரோ கணவர் பெயரோ அங்கு இல்லை. தாயின் பெயரும் அவர் பெற்றவரின் பெயருமே கல்லில் ஏறின. இந்த அவையில் இருக்கும் தாய்மார்கள் தம் பெண்களை ஒருமுறை அக்குன்றிற்கு அழைத்துச் சென்று அந்தப் பெயரைக் காட்டுதல் வேண்டும். கல்வெட்டில் பெண்ணின் பெயர் இருந்ததா என்று பள்ளியில் யாரேனும் கேட்டால், அப்பெண் தயங்காது விடை கூறுவாள்.

பறையன்பட்டில் உள்ள கி.பி. 6ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு மாணவர் ஒருவரைப் பற்றியது. பாணாட்டு வச்சணந்தி ஆசிரியரின் மாணாக்கரான ஆராதன் என்பவர் நோன்பு நோற்று உயிர்நீத்த நிசீதிகை அது. மாணாக்கரின் முடிவைக் கூறும் கல்லில் ஆசிரியரின் பெயரும் சேர்ந்து நிற்கிறது.

செஞ்சிக்கு அண்மையிலேயே திருநாதர்குன்று இருக்கிறது. அங்கே பெரும்பாறை ஒன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர் திருமேனிகளும் வரிசைக்குப் பன்னிரண்டாக இரு வரிசைகளில் செதுக்கப்பட்டுள்ளன. அதே குன்றில் சந்திரநந்தி ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பு நோற்று உயிர்நீத்த செய்தி பழைய வட்டெழுத்தில் உள்ளது. தமிழி எழுத்து வட்டெழுத்தாக மாறிவந்த நிலையை அறிய விரும்புவோர் முதலில் தேடும் கல்வெட்டுகளுள் அது ஒன்று. பிற்காலத்தில் இளையபடாரர் என்பவர் முப்பது நாள் நோன்பிருந்து அங்கேயே உயிர்நீத்தார் என்பதை மற்றொரு கல்வெட்டு கூறுகிறது. சல்லேகனை என்னும் நோன்பைப் புத்தகத்தில் படித்தவர்க்கு, நாட்கள் எண்ணிக் குறிக்கப்பட்ட அந்தக் கல்லின்முன் நிற்கும்போது அச்சொல்லின் கனம் புரியும்.

சமணர் அல்லாத பிற சமயத்தாரும் இதே நிலத்தில் பெரும்பணிகள் செய்தனர் என்பதையும் மகிழ்ச்சியோடு கூறவேண்டும். விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் வழியில் உள்ள மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இன்றி அயன், அரன், அரி மூவர்க்கும் கோயில் எடுத்ததாகப் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் வடமொழிக் கல்வெட்டில் பொறித்தான். அம்மன்னன் முதலில் சமணனாக இருந்தான் என்பது மரபுச் செய்தி. அவனுக்குச் சில நூற்றாண்டுகள் முன்பே இதே குன்றுத்தொடரில் முனிவரின் படுக்கைகளுக்காக உளிகள் ஒலித்திருந்தன என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்த்தல் தகும். எண்ணாயிரம் என்னும் ஊரில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் 340 மாணவர்களுக்கு உணவும் உறையுளும் தந்து 14 ஆசிரியர்களைக் கொண்டு ஒரு வேதக்கல்லூரி நடத்தப்பட்டதை அவ்வூர்க் கல்வெட்டு விரிவாகக் கூறுகிறது. நாலடியாரை எண்ணாயிரம் சமண முனிவர் பாடினர் என்னும் மரபினால் அவ்வூர்ப் பெயர் தமிழ்ச் சமணர் செவிக்கும் பழகியதே. கல்வியைப் போற்றுவதில் இவ்வட்டாரத்துச் சமயங்கள் ஒன்றுக்கொன்று இளைத்தவை அல்ல.

சித்தாமூர் காத்த பெயர்கள்

பெயரைக் காப்பது எப்படி என்பதற்கு மேல்சித்தாமூரே சிறந்த பாடம். தமிழ்ச் சமணரின் தலைமை மடம் 'ஜினகாஞ்சி மடம்' என்றே வழங்குகிறது. மடம் இருப்பதோ திண்டிவனத்திற்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட சித்தாமூரில். காஞ்சியில் திருப்பருத்திக்குன்றம் பகுதியில் இருந்த பீடம் இடம்பெயர்ந்தபோது, ஊர் மாறியது, பெயர் மாறவில்லை. பீடத்தில் அமரும் பட்டாரக சுவாமிகள் ஒவ்வொருவரும் லட்சுமிசேனர் என்னும் ஒரே திருப்பெயரைத் தாங்குகின்றனர். மயிலாப்பூரில் கடல் உட்புகுந்த காலத்தில் அங்கிருந்த நேமிநாதர் திருமேனி சித்தாமூருக்குக் கொண்டுவரப்பட்டது என்பதும் வழிவழி வரும் செய்தி. அந்த நேமிநாதர் பெயராலேயே குணவீர பண்டிதர் தம் இலக்கண நூலுக்கு நேமிநாதம் என்று பெயரிட்டார்.

சித்தாமூர் மலைநாதர் கோயிலில் உள்ள பாறையில் ஆதிநாதர், பார்சுவநாதர், மகாவீரர், பாகுபலி, அம்பிகா இயக்கி ஆகிய உருவங்கள் கி.பி. 9ஆம் நூற்றாண்டளவில் செதுக்கப்பட்டவை. அவற்றை யாரும் 'பஞ்சபாண்டவர்' என்று சொல்வதில்லை. திருவிழாவும், தேரும், நாள்வழிபாடும், வந்துபோகும் குடும்பங்களும் அங்கே இருப்பதால், ஐந்து உருவங்களும் தத்தம் பெயரோடு நிற்கின்றன. தொண்டூர்ப் படுக்கைக்கும் சித்தாமூர்ப் பாறைக்கும் இடையே உள்ள வேறுபாடு கல்லின் வேறுபாடு அன்று. அருகில் வாழும் மனிதரின் வேறுபாடு.

இன்று உள்ள நிலை

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சமணர் தொகை 89,265. இதில் வடநாட்டிலிருந்து வந்து குடியேறியோரும் அடங்குவர். வழிவழித் தமிழ்ச் சமணர் அவ்வெண்ணிக்கையில் ஒரு பகுதியே. அவர்களின் ஊர்களான அகலூர், வீடூர், விழுக்கம், பெருமண்டூர், சித்தாமூர் முதலியவற்றிலிருந்து இளையோர் படிப்புக்காகவும் பணிக்காகவும் திண்டிவனம், விழுப்புரம், புதுச்சேரி, சென்னை என்று புறப்பட்டனர். இதில் குறைகூற ஒன்றும் இல்லை. கல்வி தேடிச் செல்லுதல் இச்சமுதாயத்தின் பழம்பண்பு. ஆனால் ஊரில் பூட்டிய வீடுகள் கூடும்போது, குன்றிற்குச் செல்லும் ஒற்றையடிப் பாதையிலும் முள் வளர்கிறது. எந்தப் பாறையில் எழுத்து இருக்கிறது, எந்தக் குகையில் படுக்கை இருக்கிறது என்பதைக் கைநீட்டிக் காட்டக்கூடிய பெரியவர்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைகிறது.

இதனோடு மற்றொன்றும் சேர்கிறது. வளரும் நகரங்களுக்கு ஜல்லியும் எம்-சாண்டும் வேண்டும். அவை குன்றுகளை உடைத்தே கிடைக்கின்றன. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் எழும் ஒவ்வொரு புதுவீட்டின் அடித்தளத்திலும் ஏதோ ஒரு குன்றின் துண்டு கிடக்கிறது. இந்த அவையில் இருப்போர் கட்டிய வீடுகளும் இதற்கு விலக்கல்ல. ஆகவே இதனைப் பிறர் குற்றமாக மட்டும் பேசுவது நேர்மையாகாது. எந்தக் குன்றை உடைக்கலாம், எதை உடைக்கக் கூடாது என்பதைச் சொல்லக்கூடியவர் முன்வராத இடத்தில், உடைப்பவருக்கு எல்லாக் குன்றும் ஒன்றே.

சட்டம் துணை நிற்கிறது. மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள தொல்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தொலைவு தடைசெய்யப்பட்ட பகுதி என்றும், அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி என்றும் 2010ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வகுத்திருக்கிறது. ஆனால் அறிவிக்கப்பட்ட சின்னத்திற்கே அப்பாதுகாப்பு. பெயரும் இடமும் பதிவேட்டில் ஏறாத பாறைக்கு அச்சட்டம் குடை பிடிக்காது. திண்டிவனத்தை அடுத்த திருவக்கரையில், ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்மரங்கள் கிடக்கின்றன. 1781இல் சொன்னரா என்னும் பிரெஞ்சு இயற்கையியலார் அவற்றைப் பற்றி எழுதினார். இன்று அவ்விடம் தேசியக் கல்மரப் பூங்காவாக வேலியிட்டுக் காக்கப்படுகிறது. ஒருவர் கண்டு எழுதி வைத்தமையே காப்பின் முதற்படியாயிற்று.

2025ஆம் ஆண்டு ஜூலையில் செஞ்சிக் கோட்டை, மராத்தியப் படைசார் நிலத்தோற்றங்கள் என்னும் தொகுதியின் ஓர் உறுப்பாக யுனெசுகோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அத்தொகுதியிலுள்ள பன்னிரண்டு கோட்டைகளுள் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றே. இனி வெளிநாட்டாரும் வெளிமாநிலத்தாரும் பெருகி வருவர். அவர்கள் கோட்டையைப் பார்த்துத் திரும்பும்போது, அண்மையிலேயே இருபத்துநான்கு தீர்த்தங்கரரும் வீற்றிருக்கும் பாறை இருக்கிறது என்று சொல்ல ஒருவர் வேண்டும். அதனைச் சொல்லும் தகுதி இவ்வூர்களில் பிறந்தவர்க்கே முதலில் உண்டு.

செய்யத்தக்கவை

செய்யத்தக்கவை மூன்று; அவற்றுள் எதற்கும் பெரும்பொருள் தேவையில்லை.

முதலாவது, ஒவ்வொரு குடும்பமும் தன் பூர்வ ஊர், அவ்வூர்க் கோயிலின் மூலவர், குலதெய்வம், அருகிலுள்ள குன்று, அக்குன்றை முன்னோர் அழைத்த பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பிள்ளைகளிடம் தருதல். பெயருக்கு முன் ஊரின் எழுத்தை வைக்கும் வழக்கம் குறைந்துவிட்ட இக்காலத்தில் இத்தாளே அதன் இடத்தை நிரப்பும். எண்பதைக் கடந்த பெரியவர் வீட்டில் இருப்பின், இவ்வேலையை அடுத்த விழாவுக்கென ஒத்திவைத்தல் ஆகாது.

இரண்டாவது, ஆண்டுக்கு ஒருமுறை ஒரு குன்று. சித்தாமூர்த் தேருக்கு வரும் குடும்பங்கள் திரும்பும் வழியில் திருநாதர்குன்றுக்கோ தொண்டூருக்கோ செல்லலாம். படுக்கையின்மேல் பெயர் கிறுக்கியோ வண்ணம் பூசியோ வைக்காமல், படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு வந்தால் போதும். குன்றின் கீழ்வாழும் ஊராரிடம் அது என்ன என்பதை அன்போடு எடுத்துரைத்தல் அதனினும் சிறந்தது. தங்கள் ஊரின் பெருமையை அறிந்த மக்களைவிட நல்ல காவலர் இல்லை.

மூன்றாவது, பதிவு பெறாத எழுத்தோ சிற்பமோ படுக்கையோ கண்ணில் பட்டால், தொல்லியல் துறைக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திற்கும் எழுத்து வாயிலாகத் தெரிவித்தல். மடத்திற்கும் ஊர்க் கோயில் நிருவாகத்திற்கும் ஒரு படி அனுப்புதல். கல்லுடைக்கும் உரிமம் வழங்கப்பட்ட பின் வருந்துவதைவிட, முன்பே எழுதப்பட்ட ஒரு கடிதம் ஆயிரம் மடங்கு பயன் தரும்.

தொண்டூரில் இருக்கை அமைத்தபோது அகழூரார் தங்கள் ஊரின் பெயரைக் கல்லில் எழுதச் செய்தனர். அவ்வூரார் யார் யார், எத்தனை பேர் என்பது அக்கல்லில் இல்லை. அறம் செய்தது ஊர் என்ற ஒன்றே உள்ளது. அவ்வூரிலும் அதன் அண்டை ஊர்களிலும் பிறந்து, விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வீடு கட்டி வாழ்வோரின் பிள்ளைகள், "எங்கள் ஊர் அகலூர்", "எங்கள் ஊர் வீடூர்", "எங்கள் ஊர் பெருமண்டூர்" என்று தயக்கமின்றிச் சொல்லி, அதன் குன்றிற்கு வழியும் காட்டுவார்களாயின், அகழூரார் செய்த அறம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்றே பொருள்.

பகவான் மகாவீரர் அருளிய அறம் எல்லா உயிர்க்கும் காவலாக அமைக.